மலைநாட்டு வீட்டில் கோரி மீன்: தொட்டி அமைத்தலும் இனப்பெருக்கமும்



அலங்கார மீன் வளர்ப்பு என்ற பகுதியை எடுத்துக்கொண்டால், நமது வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் கப்பி, பொன்மீன், கௌராமி என்பவற்றோடு நின்றுவிடுகின்றன. அவற்றில் தரப்படும் அளவுகளும் கொழும்பு, நீர்கொழும்புப் பக்கத்துக் காலநிலைக்கே உரியவை. "நீரின் வெப்பநிலை 26 முதல் 28 பாகை செல்சியஸ்" என்று பாடமாக்கி எழுதும் நுவரெலியா மாணவன், தன் வீட்டுத் தொட்டியில் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் அது 16 பாகையைக் காட்டும். புத்தகமும் பிழையில்லை, வெப்பமானியும் பிழையில்லை. நாம் இருக்கும் உயரம் வேறு, அவ்வளவுதான். ஆகவே இந்த அலகில் நமது குளிருக்கும் நமது பீலித் தண்ணீருக்கும் பொருந்தக்கூடிய ஒரு சிறிய கெளிற்று மீனை எடுத்துக்கொள்வோம். பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கு ஒப்படை செய்ய விரும்பும் மாணவர்களுக்கும் இது உதவும்.

மீனை அறிந்துகொள்ளல்

கடைகளில் "கோரி" என்று விற்கப்படும் மீன் கோரிடோராஸ் வகையைச் சேர்ந்தது. தென் அமெரிக்கா இதன் தாயகம். வருணம் சிலூரிபோர்மிஸ், குடும்பம் கலிக்திடே. நம் ஊர்க் குளத்துக் கெளிறும் இதே வருணத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் கோரி 5 முதல் 7 சென்ரிமீற்றர் வரையே வளரும். பிற மீன்களைத் துரத்தாது. கூட்டமாக அடித்தளத்தில் மேயும்.

பரீட்சைக்கு முக்கியமான இயல்புகள் சில உண்டு. இம்மீனுக்குச் செதில்கள் இல்லை. அவற்றுக்குப் பதிலாக உடலின் இரு பக்கமும் இரு வரிசையில் என்புத் தகடுகள் ஓடு போட்டதுபோல் அடுக்கப்பட்டிருக்கும். வாயைச் சுற்றி மீசை போன்ற உணரிழைகள் உள்ளன. மண்ணைக் கிளறி உணவைத் தேடுவது இவற்றால்தான். முதுகுச் செட்டையிலும் மார்புச் செட்டைகளிலும் உறுதியான முள் உண்டு. பயந்தால் அம்முட்களை விறைப்பாக நிறுத்திக்கொள்ளும். வலையால் பிடித்தால் முள் வலையில் சிக்கிக் கிழியும். ஆதலால் பிளாஸ்ரிக் கோப்பையால் நீரோடு சேர்த்து முகந்து எடுப்பதே சரியான முறை.

இன்னோர் இயல்பு: சில நிமிடங்களுக்கு ஒருமுறை மீன் விர்ரென்று மேலே வந்து ஒரு மிடறு வளியை விழுங்கிக்கொண்டு கீழே போகும். "சேர், மீன் மூச்சுத் திணறுது" என்று பிள்ளைகள் ஓடி வருவதுண்டு. இது நோயன்று. விழுங்கிய வளியிலுள்ள ஒட்சிசன் குடலின் பின்பகுதிச் சுவரினூடாகக் குருதியில் சேர்கிறது. பூக்களால் சுவாசிப்பதோடு இது ஒரு துணைச் சுவாச முறையாகும். ஆனால் மீன்கள் எல்லாம் நிமிடத்துக்குப் பல தடவை மேலே வந்தால் நீரில் ஒட்சிசன் குறைந்துவிட்டது என்று கொள்ள வேண்டும்.

நமக்கு வேண்டியவை இரண்டு இனங்கள். ஒன்று வெண்கலக் கோரி. 1858இல் டிரினிடாட் தீவிலிருந்து பெற்ற மீனைக் கொண்டு முதலில் விபரிக்கப்பட்டது. 22 முதல் 26 பாகை இதற்கு ஏற்றது. மற்றது புள்ளிக் கோரி. இதன் மாதிரிகளைச் சேகரித்தவர் வேறு யாருமல்லர், கூர்ப்புப் பாடத்தில் நீங்கள் படிக்கும் சாள்ஸ் டார்வின்தான். பீகிள் கப்பற் பயணத்தில் அவர் கொண்டுவந்த மீன்களை லெனாட் ஜெனின்ஸ் ஆராய்ந்து 1842இல் பெயரிட்டார். இது ஆர்ஜென்ரீனா, உருகுவே, தென் பிரேசில் பக்கத்து ஆறுகளில் வாழ்வது. அங்கு குளிர்காலம் உண்டு. எனவே 18 முதல் 23 பாகை வரையான நீரில் சுகமாக இருக்கும். சிறிது காலம் அதற்குக் கீழேயும் தாங்கும்.

ஒரு குறிப்பு: 2024இல் வெளியான ஆய்வொன்று கோரிடோராஸ் சாதியைப் பல சாதிகளாகப் பிரித்துவிட்டது. அதன்படி வெண்கலக் கோரி ஒஸ்டியோகாஸ்டர் சாதிக்கும், புள்ளிக் கோரி ஹொப்லிசோமா சாதிக்கும் உரியவை. பழைய நூல்களிலும் கடைகளிலும் கோரிடோராஸ் என்ற பெயரே இருக்கும். இரண்டையும் அறிந்து வைத்திருங்கள்.

எந்த இனத்தைத் தெரிவது?

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஹற்றன் ஏறத்தாழ 1,270 மீற்றர். இவ்விரு ஊர்களுக்கும் இடையே சில பாகை வித்தியாசம் உண்டு. என் அபிப்பிராயம் இது: நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பக்கத்து மாணவர்கள் புள்ளிக் கோரியையே எடுக்க வேண்டும். ஹற்றன், டிக்கோயா, நோர்வூட் பக்கத்தவர்கள் சிறிய வெப்பமாக்கியோடு வெண்கலக் கோரியும் வளர்க்கலாம். அழகாக இருக்கிறது என்று குளிர் தாங்காத மீனை வாங்கி, பிறகு மின்கட்டணத்தோடு மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை.

கட்டணம் எவ்வளவு வரும் என்று பெற்றோர் கேட்பார்கள். கணித்துக் காட்டுங்கள். 50 வாற்று வெப்பமாக்கி நாளொன்றுக்கு மொத்தம் 12 மணித்தியாலம் இயங்குவதாகக் கொள்வோம். 50 × 12 = 600 வாற்று மணி, அதாவது 0.6 அலகு. 30 நாளுக்கு 18 அலகு. லயக் காம்பராவில் இரண்டு மின்குமிழ்களும் ஒரு தொலைக்காட்சியும் மட்டும் பாவிக்கும் குடும்பத்துக்கு 18 அலகு சிறிய தொகையல்ல. புள்ளிக் கோரிக்கு ஹற்றன் மட்டத்தில் பெரும்பாலான மாதங்களில் வெப்பமாக்கியே தேவைப்படாது. தொட்டியின் பின்புறத்திலும் இரு பக்கங்களிலும் அடியிலும் ரெஜிபோம் பலகை ஒட்டி, மேலே கண்ணாடி மூடி போட்டாலே இரவுக் குளிரின் தாக்கம் பெருமளவு குறையும்.

தொட்டி

2 அடி நீளமான தொட்டி போதும். 60 × 30 × 30 சென்ரிமீற்றர் அளவுள்ள தொட்டியின் கனவளவு 54,000 கன சென்ரிமீற்றர், அதாவது 54 லீற்றர். நாம் விளிம்புவரை நிரப்புவதில்லை; 25 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நிரப்பினால் 60 × 30 × 25 = 45,000, அதாவது 45 லீற்றர். நீர் மட்டும் 45 கிலோகிராம். 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள கண்ணாடி ஏறத்தாழ 9 கிலோகிராம். மணலையும் சேர்த்தால் ஒரு மூட்டை சீமெந்தைவிட அதிக பாரம். ஆகவே பழைய மேசையிலும் தகரப் பெட்டியிலும் வைக்க வேண்டாம். மட்டமான, ஆடாத தாங்கி வேண்டும். கண்ணாடியின் அடியில் ரெஜிபோம் விரிப்பது குளிரைத் தடுப்பதோடு, மேடு பள்ளத்தால் கண்ணாடி வெடிப்பதையும் தடுக்கும்.

வைக்கும் இடம் பற்றி நமது வீடுகளுக்கு மட்டும் உரிய விடயங்கள் உண்டு. இஸ்தோப்பில் வைத்தால் இரவுக் குளிரும் பகல் வெயிலும் மாறி மாறித் தாக்கும். குசினியில் வைத்தால் சூடு கிடைக்கும், ஆனால் விறகுப் புகை வளிப்பம்பி வழியாக நேரே நீருக்குள் போகும். நுளம்புச் சுருளும் அப்படித்தான். அதிலுள்ள பைரத்ரோயிட் வகை நஞ்சு மனிதருக்குக் குறைவாகவும் மீனுக்கு மிகக் கூடுதலாகவும் கேடு செய்வது. படுக்கும் அறையில் சுருள் கொளுத்தும் வழக்கம் இருந்தால் தொட்டியை அங்கே வைக்காதீர்கள். முன் அறையின் உட்சுவரோரம் சிறந்தது.

அடித்தளத்துக்கு உருண்டை மணிகளாலான நுண்ணிய ஆற்று மணல் 2 சென்ரிமீற்றர் தடிப்பில் போதும். கல்லுடைக்கும் இடத்துக் கருங்கல் தூள் கூடாது. அதன் கூரான விளிம்புகள் உணரிழைகளைத் தேய்த்துவிடும். உணரிழை தேய்ந்த கோரி உணவைத் தேட முடியாமல் மெலியும். வடிகட்டியாக, வளிப்பம்பியால் இயங்கும் பஞ்சு வடிகட்டியே நல்லது. விலை குறைவு. குஞ்சுகளை உறிஞ்சாது. பற்றீரியா வாழவும் இடம் தரும்.

குளிர்ந்த நீரில் ஒட்சிசன் கூடுதலாகக் கரையும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். அப்படியானால் நுவரெலியாவில் வளிப்பம்பி தேவையில்லையா? இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். கடல் மட்டத்தில் 15 பாகை நீர் லீற்றருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும். ஆனால் நுவரெலியாவின் உயரத்தில் வளியமுக்கம் கடல் மட்டத்தின் ஏறத்தாழ 80 சதவீதமே. ஆகவே அங்குள்ள 15 பாகை நீரில் 8 மில்லிகிராம் அளவே கரையும். கொழும்பில் 27 பாகை நீரில் கரைவதும் கிட்டத்தட்ட இதே அளவுதான். குளிர் கொடுத்ததை உயரம் எடுத்துக்கொள்கிறது. அதே நுவரெலியாத் தொட்டியை வெப்பமாக்கியால் 24 பாகைக்கு உயர்த்தினால் 7 மில்லிகிராமுக்கும் குறைந்துவிடும். எனவே வெப்பமாக்கி வைப்பவர் வளிப்பம்பியையும் கட்டாயம் வைக்க வேண்டும்.

மின்சாரம் நின்றால்? 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை உங்கள் வீட்டார் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வேளைகளில் தொட்டியைக் கம்பளியால் சுற்றி, அரை மணிக்கு ஒருமுறை கோப்பையால் நீரை முகந்து உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். உணவு போடக் கூடாது.

நீரைப் பதப்படுத்தல்

தொட்டியில் நீர் ஊற்றிய அன்றே மீனை விடக் கூடாது. மீன் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா உண்டாகும். அதை ஒருவகைப் பற்றீரியா நைத்திரைற்றாகவும், இன்னொரு வகை நைத்திரேற்றாகவும் மாற்றும். முதலிரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்தது. பாடநூல்களில் நைத்திரோசோமோனாசு, நைத்திரோபற்றர் என்ற பெயர்கள் உள்ளன. அவற்றையே விடையில் எழுதலாம். உண்மையில் மீன் தொட்டிகளில் இரண்டாவது வேலையைப் பெரும்பாலும் செய்வது நைத்திரோஸ்பைரா என்பது பின்னர் கண்டறியப்பட்டது. இப்பற்றீரியாக்கள் பெருக 4 முதல் 6 கிழமை செல்லும். குளிரில் இன்னும் தாமதமாகும். பழைய தொட்டியொன்றின் பஞ்சைக் கொண்டுவந்து போட்டால் விரைவாகும்.

மலைநாட்டுப் பீலித் தண்ணீர் பொதுவாக மென்னீர். கல்சியம், மக்னீசியம் உப்புகள் குறைவு. கோரி மீனின் தாயகத்து ஆறுகளும் அவ்வாறானவையே. இதில் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணற்று நீரைவிட நாம் கொடுத்து வைத்தவர்கள். ஆனால் மென்னீருக்கு ஒரு பலவீனம் உண்டு. பற்றீரியாக்கள் அமோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. அதைச் சமப்படுத்தும் உப்புகள் மென்னீரில் இல்லாததால் பீ.எச். பெறுமானம் மெல்ல மெல்ல இறங்கும். 6க்குக் கீழே போனால் பற்றீரியாக்களின் வேலையும் மந்தமாகும். சிப்பி ஓட்டுத் துண்டுகள் சிலவற்றை வடிகட்டியருகே போட்டு, கிழமைக்கு ஒருமுறை கால்வாசி நீரை மாற்றி வந்தால் போதுமானது. பீ.எச். 6.5 முதல் 7.5 வரை இருக்கட்டும்.

"தேயிலைச் சாயத்தை ஊற்றினால் நீர் பதமாகாதா?" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் கேட்கிறார். தேயிலை மலையில் இருந்துகொண்டு இப்படிக் கேட்பது நியாயம்தான். வேண்டாம். தேயிலையில் தனின் மட்டுமல்ல, கபேயினும் உண்டு. காய்ந்த கொட்டம்பா இலை ஒன்றே போதும். கீழ்நாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லியனுப்பினால் ஒரு பை நிறையக் கொண்டுவருவார்கள்.

இனி மிக முக்கியமான விடயத்துக்கு வருவோம். நகரக் குழாய் நீரில் குளோரீன் உண்டு. வாய் அகன்ற பாத்திரத்தில் 24 மணித்தியாலம் வைத்தால் அது வெளியேறிவிடும். இதை எல்லா மாணவர்களும் எழுதுவார்கள். ஆனால் தோட்டத்துப் பீலியில் குளோரீன் கிடையாது. அங்கே கவனிக்க வேண்டியது செம்பு.

தேயிலைக் கொழுந்தைத் தாக்கும் கொப்புள நோய் இலங்கைக்கு 1946இல் வந்தது. இது பங்கசு நோய். மழையும் முகிலும் மூடிய மாதங்களில் கடுமையாகும். இதைத் தடுக்கத் தோட்டங்களில் செம்பு கலந்த பங்கசுநாசினி தெளிப்பது நீண்டகால வழக்கம். தெளித்த பின் மழை பெய்தால் மலைச்சரிவிலிருந்து நீர் ஓடையில் சேரும். ஓடையிலிருந்து பீலிக்கு வரும். மனிதனுக்குத் தெரியாத அளவு செம்புகூட மீனின் பூக்களைச் சிதைக்கும். அதிலும் மென்னீரில் இதன் நஞ்சுத்தன்மை பன்மடங்கு கூடுகிறது. வன்னீரில் கல்சியம் அயன்கள் பூக்களின் மேற்பரப்பில் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் செம்பு ஒட்டுவது குறையும். மென்னீரில் அந்தக் காவல் இல்லை. எந்த மென்னீர் நமக்கு வரப்பிரசாதம் என்றேனோ, அதுவே இங்கு ஆபத்தாகிறது.

குளோரீனைப் போலச் செம்பு வளியில் வெளியேறாது. ஒரு நாள் வைத்தாலும் ஒரு மாதம் வைத்தாலும் நீரிலேயே இருக்கும். கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகிச் செம்பின் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. ஆகவே செய்யக்கூடியது ஒன்றுதான்: மருந்து தெளிப்பதற்கு முன்னரே நல்ல நீரைச் சேமித்து வைப்பது. மருந்தடிக்கும் அண்ணாமாரிடம் எந்த மலையில், என்றைக்கு வேலை என்று கேட்டு வையுங்கள். அவர்கள் சொல்லுவார்கள். மூடியுள்ள பிளாஸ்ரிக் பீப்பாயில் 60 லீற்றர் இருந்தால் கால்வாசி நீர்மாற்றம் ஐந்து தடவைக்கு வரும். பீலித் தொட்டியில் வழமையாகக் காணும் நத்தைகளும் நீர்ப்பூச்சிகளும் திடீரெனக் காணாமற்போனால் அந்த நீரை மீனுக்கு எடுக்கவே வேண்டாம். களைநாசினி அடிக்கும் நாட்களுக்கும் இதே விதிதான். கடையில் வாங்கும் மீன் மருந்துகள் சிலவற்றிலும் செம்புசல்பேற்று உண்டு என்பதால் சுட்டியை வாசித்து வாங்குங்கள்.

இனப்பெருக்கம்

புள்ளிக் கோரியைப் பாரிஸ் நகரில் 1870களிலேயே தொட்டியில் குஞ்சு பொரிக்க வைத்துவிட்டார்கள். மின்சார வெப்பமாக்கியோ வளிப்பம்பியோ இல்லாத காலம். ஆகவே நம்மால் முடியாது என்று சொல்ல இடமில்லை.

ஆறு மீன்கள் வாங்கவும். மேலிருந்து பார்த்தால் பெண் மீன் அகன்று, வயிறு உருண்டு தெரியும். ஆண் ஒல்லியாகவும் சற்றுச் சிறிதாகவும் இருக்கும். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்ற விகிதம் நல்லது. கடைத்தட்டில் எல்லாம் குஞ்சுகளாக இருந்தால் பால் பிரித்தறிவது கடினம். அவ்வாறாயின் எட்டு வாங்கி ஒரு வருடம் பொறுத்திருக்க வேண்டும்.

இரண்டு, மூன்று கிழமை உயிருணவு கொடுத்துத் தாய் மீன்களைத் தயார்ப்படுத்த வேண்டும். பொடியாக நறுக்கிக் கழுவிய மண்புழு நமக்கு மரக்கறித் தோட்டத்தில் இலவசமாகக் கிடைக்கும். நுளம்புக் குடம்பியும் நல்ல உணவு. ஆனால் வாளியில் நீர் வைத்து நுளம்பை வளர்க்காதீர்கள். டெங்கு ஒழிப்புக்கு வருபவர்கள் உங்கள் ஒப்படையைப் பார்த்து மகிழமாட்டார்கள். ஏற்கனவே தேங்கிய நீரிலிருந்து வடித்தெடுத்து, அன்றே முழுவதையும் உண்ணக் கொடுத்துவிட வேண்டும்.

பெண் மீனின் வயிறு நன்கு பருத்ததும் தூண்டல் கொடுக்க வேண்டும். இயற்கையில் மழைக்காலம் தொடங்கும்போது ஆற்றில் குளிர்ந்த, மிக மென்மையான நீர் வந்து சேரும். அதுவே முட்டையிடும் காலம் என்ற அறிகுறி. தொட்டியில் நாம் அதைப் போலச் செய்கிறோம். 24 பாகையில் உள்ள 45 லீற்றர் தொட்டியிலிருந்து 15 லீற்றரை அகற்றி, 15 பாகையில் உள்ள 15 லீற்றர் சேமித்த பீலி நீரை மெதுவாக ஊற்றினால் இறுதி வெப்பநிலை என்ன? (30 × 24 + 15 × 15) ÷ 45 = 945 ÷ 45 = 21 பாகை. மூன்று பாகை வீழ்ச்சி. இது போதுமானது. அரைவாசி நீரை மாற்றினால் 19.5 பாகைக்கு இறங்கும். வெண்கலக் கோரிக்கு அது அளவுக்கு மிஞ்சிய அதிர்ச்சி. ஒரு தடவையில் பலிக்காவிட்டால் இரண்டு நாள் விட்டு மீண்டும் செய்யலாம். வெளியே அடைமழை பெய்து வளியமுக்கம் இறங்கும் நாட்களில் இம்மீன்கள் முட்டையிடுவதைப் பல வளர்ப்பாளர்கள் கவனித்துள்ளனர். நமக்கு அடைமழைக்கா பஞ்சம்?

முட்டையிடுவதைப் பார்ப்பது ஓர் அனுபவம். ஆண்கள் பெண்ணைத் துரத்தும். பின் ஓர் ஆண் பக்கவாட்டில் நிற்க, பெண் தன் வாயை ஆணின் வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து ஆங்கில "ரீ" எழுத்தின் வடிவில் தோன்றும். அந்நிலையில் பெண் தன் இடுப்புச் செட்டைகளைக் கூடைபோல் குவித்து அதில் இரண்டு முதல் நான்கு வரையான முட்டைகளை இடும். பிறகு கண்ணாடியையோ இலையையோ தெரிந்து வாயால் துடைத்து முட்டைகளை ஒட்டும். மீண்டும் ஆணிடம் போகும். இப்படிச் சில மணித்தியாலம் நடக்கும். மொத்தம் சில பத்து முட்டைகளிலிருந்து இருநூறுக்கு மேலும் வரலாம்.

விந்து முட்டையை எப்படி அடைகிறது? வெண்கலக் கோரியை ஆராய்ந்த யப்பானிய ஆய்வாளர்கள் 1995இல் வியப்பான விடையொன்றை வெளியிட்டனர். பெண் மீன் விந்தை வாயால் விழுங்குகிறது. அது குடலை மிக விரைவாகக் கடந்து, உயிருடன் வெளியேறி, செட்டைக் கூடையிலுள்ள முட்டைகளை அடைகிறது. சாயத்தைக் கொண்டு சோதித்தபோது சில வினாடிகளில் அது குடலைக் கடந்தது. அப்படியானால் இது அகக் கருக்கட்டலா, புறக் கருக்கட்டலா? விந்து பெண்ணின் உடலினூடாகச் சென்றாலும், முட்டையோடு சேர்வது உடலுக்கு வெளியே, செட்டைகளுக்கு இடையில். எனவே புறக் கருக்கட்டல் என்றே எழுத வேண்டும். நான் கலைப் பட்டதாரி. என்றாலும் இந்தப் பகுதியை வாசித்த நாளிலிருந்து விஞ்ஞானப் பாடம் நடத்துபவர்கள் மீது கொஞ்சம் பொறாமை.

பெற்றோர் மீன்கள் முட்டைகளைத் தின்னும். எனவே முட்டையிடல் முடிந்ததும் ஈர விரலால் மெல்ல உருட்டி அல்லது பழைய தொலைபேசி அட்டையின் விளிம்பால் வழித்து எடுத்து, தொட்டி நீரே கொண்ட சிறிய பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி வையுங்கள். கருக்கட்டாத முட்டை வெள்ளையாகிப் பஞ்சுபோல் பங்கசு பூக்கும். அடுத்த முட்டைக்கும் அது பரவும். அவற்றை உறிஞ்சியால் நாள்தோறும் அகற்ற வேண்டும். நீர் இளநீலமாகும் அளவுக்கு மெதிலீன் நீலம் சில துளி விடலாம். வளிக்கல்லிலிருந்து மெதுவான குமிழிகள் போதும். 24 பாகையில் மூன்று முதல் ஐந்து நாளில் பொரிக்கும்; 20 பாகைக்கு அண்மையில் ஒரு கிழமை வரை செல்லலாம். பொறுமையின்றிக் கொட்டிவிட வேண்டாம்.

பொரித்த குஞ்சு முதல் இரண்டு நாள் தன் மஞ்சட்கருப் பையிலுள்ள உணவில் வாழும். அப்போது உணவு போட்டால் நீர் பழுதாவதே மிச்சம். அதன்பின் நுண்புழு அல்லது புதிதாகப் பொரித்த ஆட்டீமியாவைச் சிறிது சிறிதாக நாளுக்கு மூன்று தடவை கொடுக்க வேண்டும். குஞ்சுத் தொட்டியின் அடித்தளத்தில் மணல் வேண்டாம். எஞ்சிய உணவை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுக்க வெறும் தளமே வசதி. கோரிக் குஞ்சுகள் பெரும்பாலும் இறப்பது பட்டினியால் அல்ல, அடியில் அழுகிய உணவால். இரண்டு, மூன்று மாதத்தில் 2 முதல் 3 சென்ரிமீற்றர் ஆகும். நம் குளிரில் வளர்ச்சி மெதுவாகவே இருக்கும்.

விற்பனை பற்றியும் கேட்கிறார்கள். இலங்கையின் அலங்கார மீன் ஏற்றுமதியில் முதன்மையானது கப்பி. கோரியை உள்ளூர்க் கடைகளுக்கு ஆறு, பத்து எனக் கொடுக்கலாம். இதைக் கொண்டு குடும்பம் நடத்தலாம் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். முறையாகப் பயில விரும்பினால் 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபைக்கு, குருநாகல் மாவட்டத்து ரம்பொடகல்லயில் அலங்கார மீன்களுக்கான நிலையம் உண்டு. மிஞ்சிய மீன்களை மட்டும் ஓடையில் விட்டுவிடாதீர்கள். நமது மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்தே களனி கங்கையாகின்றன. "டேங் கிளீனர்" என்று விற்கப்பட்ட தென் அமெரிக்கக் கெளிறு இப்படி விடப்பட்டு, இன்று நாட்டின் பல நீர்நிலைகளில் பரவிக் கிடக்கிறது.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு கோரிச் சோடி இட்ட 120 முட்டைகளில் 84 பொரித்தன. 30 நாட்களின் பின் 63 குஞ்சுகள் உயிருடன் இருந்தன. பொரிக்கும் வீதத்தையும் பிழைக்கும் வீதத்தையும் காண்க.

விடை: பொரிக்கும் வீதம் 84 ÷ 120 × 100 = 70 சதவீதம். பிழைக்கும் வீதம் 63 ÷ 84 × 100 = 75 சதவீதம். பலர் 63ஐ 120ஆல் வகுத்துவிடுகின்றனர். பிழைக்கும் வீதம் பொரித்த குஞ்சுகளின் எண்ணிக்கையிலிருந்தே கணிக்கப்படும் என்பதைக் கவனிக்க.

2. கோரி மீன் இடைக்கிடை நீர்மட்டத்துக்கு வந்து வளியை விழுங்குவது ஏன்? இது எப்போது அபாய அறிகுறியாகும்?

விடை: குடலினூடான துணைச் சுவாசத்துக்காக. எல்லா மீன்களும் அடிக்கடி வரத் தொடங்கினால் நீரில் ஒட்சிசன் குறைவு எனக் கொள்ள வேண்டும்.

3. டிக்கோயாவிலுள்ள தோட்டமொன்றில் வசிக்கும் மாணவி, யூலை மாதத்தில் ஒருநாள் தன் தொட்டியில் 15 லீற்றர் பீலி நீரை மாற்றினாள். மறுநாட் காலை மீன்கள் எல்லாம் இறந்து கிடந்தன. நீர் தெளிவாக இருந்தது. வெப்பநிலை 21 பாகை. சோதனையில் அமோனியா இல்லை. வளிப்பம்பி இயங்கியது. (அ) இறப்புக்குப் பெரிதும் சாத்தியமான காரணம் யாது? (ஆ) நீரை 24 மணித்தியாலம் திறந்து வைத்திருந்தால் தவிர்த்திருக்கலாமா? (இ) அவள் மீண்டும் மீன் விடுமுன் செய்ய வேண்டியவை யாவை?

விடை: (அ) பருவமழைக் காலத்தில் தேயிலைக்குத் தெளித்த செம்புப் பங்கசுநாசினி மழையோடு ஓடைக்கு வந்து சேர்ந்திருத்தல். (ஆ) முடியாது. குளோரீன் வெளியேறும், செம்பு வெளியேறாது. (இ) நீர் முழுவதையும் அகற்றி, மணலையும் பஞ்சையும் நீக்கிப் புதியன இடுதல். கண்ணாடியைச் சவர்க்காரமின்றிப் பல தடவை கழுவுதல். தெளிக்கும் நாட்களைக் கேட்டறிந்து, அதற்கு முன் எடுத்துச் சேமித்த நீரை நிரப்புதல். புதிய பஞ்சில் பற்றீரியா பெருகும்வரை மீண்டும் 4 முதல் 6 கிழமை காத்திருத்தல்.